கடைசி ஒன்பது பக்கங்களைச் சொன்னவள்

1957 மே 17, வெள்ளிக்கிழமை. அன்று மெக்சிகோ நகரில் வெளியான ஒரு படத்தின் தொடக்கத்தில், 'திரைக்கதை' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு பெயர்கள் வந்தன. அப்படத்தின் கடைசி ஒன்பது பக்கங்களைச் சொன்னவளின் பெயர் அவற்றுள் இல்லை. இது அநீதி. திருத்தக் கோரி எழுத்தாளர் சங்கத்துக்குப் பதினான்கு கடிதங்கள் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

என் பெயர் பிதென்சியோ ஒல்கின். முப்பத்தாறு ஆண்டுகள் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவன். பிறகு, நாவலாசிரியை எர்மீனியா அரிஸ்பே திரைப்படங்களுக்கு எழுதியபோது அவருக்குத் தட்டச்சு செய்தேன். மிகைப்படுத்திக் கூறுவதை மாணவரிடத்தும் நான் பொறுத்ததில்லை. கீழே உள்ளவை நடந்தவை. நேரங்கள் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தவை.

எர்மீனியாவின் நாவலில் கொன்சுவேலோ என்னும் சிறுமி பாசனக் கால்வாயில் மூழ்கி இறக்கிறாள். அவளுடைய அக்கா அப்போது சந்தைக்குப் போயிருக்கிறாள். உண்மையில் இறந்தவள் எர்மீனியாவின் தங்கை அம்பாரோ. அப்போது வயது ஏழு. இதை எர்மீனியா மறைத்ததில்லை.

அவர் வேலை செய்யும் முறை விசித்திரமானது. மூன்றாம் மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு நடப்பார். பேச வேண்டிய பாத்திரத்தை மூன்று முறை பெயர் சொல்லி அழைப்பார். பிறகு அந்தப் பாத்திரத்தின் குரலிலேயே பேசுவார். கிழவன், பாதிரியார், குழந்தை எல்லாம் அவரே. வெளியறையில் நான் கேட்டுத் தட்டுவேன்.

1956 அக்டோபர் 9, செவ்வாய். காலை 11:00 மணிக்குத் தயாரிப்பாளர் எவரார்தோ வந்தார். உட்காரவில்லை.

"என்னம்மா, குழந்தை இன்னும் தண்ணிக்குள்ளதான் இருக்கா?"

"அவ செத்துட்டா, எவரார்தோ."

"செத்தா சாகட்டும். அக்கா எங்கே? சந்தைக்குப் போனா, சந்தைக்குப் போனான்னா எவன் நம்புவான்? பால்கனியில உக்காந்து கடலை தின்னுறவன்கூடச் சிரிப்பான்."

"அவ அங்கே இல்லை."

"அப்ப நான் சொல்றேன் கேளு. குதிரையில ஒருத்தன் வர்றான், குழந்தையைத் தூக்குறான், அக்காவையே கட்டிக்கிறான். மரியாச்சிப் பாட்டுக்காரங்க வாசிக்கட்டும். அஞ்சு மணிக்குள்ள உன் முடிவு வரலைன்னா இதை எழுத வேற ஆள் இருக்கான்."

அவர் போன பின் எர்மீனியா என் மேசையைப் பற்றிக்கொண்டு நின்றார்.

"வாத்தியாரே, அவளைப் பிழைக்க வச்சு ஆட விடப் போறாங்க. நாடு முழுக்க அதைப் பாத்துக் கைதட்டும். என் அம்பாரோ செத்ததே பொய்யாயிடும்."

"எழுதுங்களம்மா. நேரமிருக்கிறது."

"வர மாட்டேங்குறா. ரெண்டு மாசமாக் கூப்பிடுறேன். கொன்சுவேலோ வாயே திறக்க மாட்டேங்குறா!"

பிற்பகல் 1:40. உள்ளறையிலிருந்து அவர் அழைப்பது கேட்டது. ஆனால் கொன்சுவேலோவையன்று.

"அம்பாரோ... அம்பாரோ... அம்பாரோ..."

தங்கையின் உண்மைப் பெயரைச் சொல்லி அவர் அழைத்தது அதுவே முதன்முறை. அழுகை கேட்டது.

1:55க்குத் தட்டச்சு நாடா அறுந்தது. வாங்கி வரக் கீழே போனேன். திரும்பியபோது மணி 2:20. உள்ளறைக் கதவு சாத்தியே இருந்தது.

2:25. குரல் தொடங்கியது.

குழந்தைக் குரல். அப்பாடா, பாத்திரம் பேசிவிட்டது என்று மகிழ்ந்தேன். தட்டத் தொடங்கினேன்.

"என் செருப்பு தண்ணியில விழுந்துடுச்சு. அக்கா பக்கத்துலதான் நின்னா."

நாவலில் அப்படி இல்லையே என்று எண்ணினேன். திருத்துகிறார் போலும்.

"போய் எடுத்துட்டு வாடி, இல்லன்னா அம்மாகிட்ட சொல்லிடுவேன்னு சொன்னா. நான் இறங்கினேன்."

2:50. ஒன்றைக் கவனித்தேன். ஓயாமல் புகைப்பவர் அவர். கதவிடுக்கில் புகை வரவில்லை. ஈரமண் வாசனை வந்தது.

3:15. குரல் வரும் உயரம் சரியில்லை. கதவின் கைப்பிடிக்குக் கீழிருந்து வந்தது.

"குனிந்து பேசுகிறீர்களா, அம்மா?" என்றேன்.

பேச்சு மட்டும் தொடர்ந்தது.

3:40. நடை.

எர்மீனியா குதிகால் காலணி அணிபவர். டொக், டொக் என்று இரண்டு கால்களும் ஒலிக்கும். அன்று ஒரு கால் மட்டுமே ஒலித்தது.

டொக்... 

பிறகு ஈரமாக ஏதோ ஒட்டி எடுப்பது போல...

டொக்...

என் விரல்கள் நிற்கவில்லை. நிறுத்த அஞ்சினேன்.

"நான் கையை நீட்டினேன். அக்கா பிடிக்கலை. பயந்துட்டா. ஓடிட்டா. சந்தைக்கு ஓடிட்டா. அவ மேல எனக்குக் கோபம் இல்லை. தண்ணி மட்டும் ரொம்பக் குளிரு..."

4:31.

"போதும். அக்கா படியேறி வர்றா."

வெளிக்கதவு திறந்தது.

உள்ளறைக் கதவன்று... மாடிப்படிக் கதவு.

எர்மீனியா நின்றார். கையில் குடை. முகம் வெளிறியிருந்தது.

"அவனைக் கெஞ்சிப் பாத்தேன், வாத்தியாரே. ரெண்டு மணிக்கே போயிட்டேன். இன்னும் ஒரு நாள் கொடுன்னு காலைப் பிடிக்காத குறை. முடியாதுன்னுட்டான்."

ஒன்பது பக்கங்களை நீட்டினேன்.

நின்றபடி படித்தார். நான்காம் பக்கத்தில் தரையில் அமர்ந்துவிட்டார்.

"இது... யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குக்கூட."

நான் உள்ளறைக் கதவைத் திறந்தேன்.

எவரும் இல்லை. சன்னல் தாழிட்டிருந்தது.

தரையில் ஈரச் சுவடுகள். மிகச் சிறியவை.

எல்லாம் இடது கால்.

5:00 மணிக்கு எவரார்தோ அனுப்பிய ஆளிடம் எர்மீனியா அப்பக்கங்களை ஒரு சொல்லும் மாற்றாமல் கொடுத்தார். தன் குற்றத்தைத் தானே ஒப்படைத்தார். கேட்டது ஒன்றே: படத்தில் அம்பாரோவின் பெயரைப் போட வேண்டும். சங்கம் மறுத்தது. உறுப்பினர் பட்டியலில் அப்படி ஒருவர் இல்லையாம்! சரியான பதிலைத் தவறென்று அடித்த ஆசிரியரைப் போல் நடந்துகொண்டார்கள். எர்மீனியா அதன் பின் ஒரு வரியும் எழுதவில்லை. 1961இல் இறந்தார்.

அந்த அக்டோபர் 9 மாலை எர்மீனியா முன்னே போய்விட, நான் கீழே இறங்கினேன். கட்டடக் காவல்காரி தோனியா குக்கா படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் வாத்தியாரே, எழுத்தாளரம்மா இன்னிக்கு மட்டும் தனியாப் போறாங்க?"

"என்றும் தனியாகத்தானே போவார்?"

"நல்லாச் சொன்னீங்க போங்க! தினமும் அந்தப் பாப்பா பின்னாலயே வருமே, ஏறும், இறங்கும். நானும் கேக்கணும்னு இருந்தேன். வலது காலுக்கு மட்டும் செருப்பு போட்டு விட்டா, இடது கால் என்ன பாவம் பண்ணுச்சு?"

திரும்பிப் படிகளைப் பார்த்தேன்.

"இன்று... அது எங்கே?"

துடைப்பதை நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன வாத்தியாரே விளையாடுறீங்க? உங்க கையைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

எட்டு ஆண்டுகள் ஆகின்றன. வீடு இருமுறை மாறிவிட்டேன். இதை எழுதும் இப்போதும் நாற்காலிக்குப் பின்னால்...

டொக்...

தன் பெயர் வரும்வரை அவள் போக மாட்டாள் என்றே நம்புகிறேன். ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அந்தப் படம் எங்கேனும் ஓடினால் போய் அமருங்கள். திரைக்கதை என்று வந்ததும் எழுந்து நின்று, 'அம்பாரோ அரிஸ்பே' என்று உரக்கச் சொல்லுங்கள்.

ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். மூன்று முறை வேண்டாம்.