பக்கத்து வீட்டின் மூன்று துப்பாக்கிகள்

ஆறு மாதம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை. எனக்கு வேலையில்லாத நாள். உடுப்புகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

வாசலில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். சீருடை இல்லை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். போலீஸின் ஆயுதப் பிரிவிலிருந்து வருகிறார்களாம்.

போலீஸ், ஆயுதம் - இந்த இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தால், ஊரில் சண்டைக் காலத்தில் பிடித்த பயம் எனக்குத் திரும்பி வரும். ஜெர்மனியில் எத்தனை வருடம் வரி கட்டினாலும் அது போகாது. நான் என்ன செய்தேன்? இவர் என்ன செய்தார்? மகன்...? ஒரு நொடியில் குடும்பத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்துவிட்டேன்.

"உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடுகிறோம். கதவு திறக்கவில்லை" என்றார் அந்தப் பெண்.

அப்பாடா! "பின்னால் தோட்டத்தில் நிற்பார். காது கொஞ்சம் மந்தம்" என்று நானே வழி காட்டினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் பெயர் டீற்றர். எழுபத்திரண்டு வயது. எலெக்ட்ரிஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். கெல்சென்கிர்ச்சனில் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய வரிசை வீடுகளில் எங்களுடையதும் அவருடையதும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்பவை. நாங்கள் குடிவந்த அன்று, கேட்காமலே வந்து வோஷிங் மெஷினுக்குத் தோள் கொடுத்தவர். அவரும் மனைவி ஹெல்காவும் விடுமுறைக்குப் போனால் வீட்டைப் பூட்டித் திறப்பை எங்களிடம்தான் தருவார்கள். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஹெல்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

டீற்றர் நாற்பது வருடமாகத் துப்பாக்கி சுடும் சங்கத்தில் உறுப்பினர். போட்டிகளில் வென்ற கோப்பைகள் வரவேற்பறையில் வரிசையாக இருக்கும். ஆயுதச் சட்டத்தை இறுக்கியதிலிருந்து மனிதருக்கு அதே பேச்சு. அந்த இருவரும் வருவதற்கு முந்திய வாரம்கூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பொரிந்து தள்ளினார்.

"ஒரு பார்க்கிங் ஃபைன்கூட வாங்காதவன் நான். இப்போது எந்தெந்த அலுவலகத்திலோ என்னைப் பற்றி விசாரிக்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதிக்கிறார்கள். கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவன் வீட்டு மணியை அடிக்கட்டுமே! முடியாது. விலாசம் கொடுத்தவன் நான்தானே!"

அதில் நியாயம் இல்லையா? இருக்கிறது. நான் தலையாட்டினேன். பேச்சோடு பேச்சாக, "வீட்டில் எத்தனை வைத்திருக்கிறாய்?" என்றும் கேட்டேன்.

"மூன்று. நிலவறையில், இரும்பு அலமாரிக்குள்."

அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

அன்று வந்த இருவரும் முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தார்கள். வெளியே வரும்போது அவர்கள் கையில் நீளமான பைகள். டீற்றர் வாசலில் நின்றார். முகம் சிவந்துபோய்... இல்லை, வெளிறிப்போய்.

இரும்பு அலமாரி பூட்டித்தான் இருந்ததாம். ஆனால் அதன் திறப்பு சமையலறை லாச்சியை இழுத்தால், அங்கே பிஸ்கட் டின்னில். துப்பாக்கிக்குக் கொடுக்கிற அதே பாதுகாப்பைத் திறப்புக்கும் கொடுக்க வேண்டும் என்று இப்போது அதிகாரிகள் பிடிவாதம். அதோடு நிலவறைத் தட்டில், ஜாம் போத்தல்களுக்குப் பின்னால் ஒரு பெட்டி துப்பாக்கி ரவை.

"நேரே அந்தத் தட்டுக்குப் போனார்கள்" என்றார் டீற்றர். வேலிக்கு அருகே வரவில்லை. தள்ளி நின்றே சொன்னார். "எப்படித் தெரியும்? யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் நிலவறைக்குள் வந்துபோன யாரோ. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

நீங்கள்!

நமக்கு 'நீங்கள்' என்றால் மரியாதை. ஜெர்மன்காரர் பதினைந்து வருடம் 'நீ' என்று பழகிவிட்டு ஒரு நாள் 'நீங்கள்' என்றால், அது கதவைச் சாத்துகிற சத்தம்.

நான் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும். ஆனால்... ரவி?

ரவி என் கணவர். டீற்றரும் ஹெல்காவும் கடைசியாக விடுமுறைக்குப் போனபோது பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டது ரவிதான். தண்ணீர் வாளி எடுக்க நிலவறைக்குப் போய்விட்டு வந்து சொன்னதும் அவர்தான்: "இஞ்சாரும், அந்த மனுசன் ரவைப் பெட்டியை ஜாம் போத்தலோட வைச்சிருக்கு. துவக்குச் சத்தமில்லாத இடத்தில படுக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தனான். இப்ப சுவருக்கு அந்தப் பக்கம் துவக்கு."

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டே விட்டேன்.

"டீற்றரைப் பற்றிப் போலீசுக்கு நீங்களோ போன் பண்ணினனீங்கள்?"

ரவி கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார். "இருவத்தேழு வருசம் என்னோட இருக்கிறீர். இதைக் கேக்க உமக்கு எப்பிடி மனம் வந்தது?"

"இல்லையெண்டு சொல்லுங்கோவன்."

"இல்லை." பிறகு என்னைப் பார்த்தார். "ஏன், நீர் சொல்லேல்லையோ?"

பாருங்கள். துப்பாக்கி இருந்தது பக்கத்து வீட்டில். காயம் பட்டது எங்கள் சாப்பாட்டு மேசையில்! ரவி சொன்னதை முக்கால்வாசி நம்பினேன். மிச்சக் கால்வாசி என்னை ஒரு வாரம் தூங்க விடவில்லை.

அதற்குள் கதை தெருவுக்குப் போய்விட்டது. டீற்றரின் சங்கத்து நண்பர் ஒருவர் எங்கள் தெரு முனையில் இருக்கிறார். முன்பெல்லாம் பேக்கரி வரிசையில் என்னைக் கண்டால் தொப்பியைத் தொடுவார். இப்போது பணிஸ்களை அப்படி உற்றுப் பார்க்கிறார். பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படியாக: "இப்போது சுடுபவர்களுக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னலுக்குப் பின்னால் நின்று வேவு பார்ப்பவர்களுக்குத்தான் பயப்பட வேண்டும்."

மூன்று வாரம் இப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, குப்பைத் தொட்டியை வீதிக்கு உருட்டிக்கொண்டு போனேன். ஹெல்காவும் தன்னுடைய தொட்டியோடு வந்தார். டீற்றர் வீட்டில் இல்லை. ஹெல்கா தெருவின் இரு பக்கமும் பார்த்தார்.

"வசந்தி, நான்தான்."

"என்ன நீதான்?"

"போன் பண்ணியது."

தொட்டியை விட்டுவிட்டேன். அது சரிவில் கொஞ்சத் தூரம் தானாகவே போய் நின்றது.

ஹெல்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஒரு நாள் காலை துணி துவைக்க நிலவறைக்குப் போயிருக்கிறார். வோஷிங் மெஷினுக்கு மேல், சோப்புத் தூளுக்குப் பக்கத்தில் கைத்துப்பாக்கி. கேட்டால், தான் தொடவே இல்லை என்று டீற்றர் சத்தியம் பண்ணினாராம். பொய் இல்லை. அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. இன்னொரு நாள் அலமாரிக் கதவில் திறப்பு அப்படியே தொங்கியது. சனிக்கிழமைகளில் பேத்தி வருவாள். ஆறு வயது.

"கொடுத்துவிடு என்று கெஞ்சினேன். 'நீயும் அரசாங்கத்தோடு சேர்ந்துவிட்டாயா' என்று கத்தினார். சங்கத்தில் அவருடைய நண்பரிடம் சொன்னேன். 'டீற்றரா? எங்களில் குறி தப்பாதவன் அவன்தான்' என்று சிரித்தார். வேறு யாரிடம் போவேன்? அவர் அந்தச் சட்டத்தைத் திட்டும்போதெல்லாம் நான் மனதுக்குள் அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. பரிதாபமும் வந்தது. கோபம்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"அவர் என்னைச் சந்தேகப்படுகிறார். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்கு அந்தப் பக்கமும் ஒரு வீடு இருக்கிறதே. அவர்களும் உன் நிலவறைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களை ஏன் சந்தேகப்படவில்லை?"

ஹெல்கா தரையைப் பார்த்தார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் ஜெர்மன் பெயர், உச்சரிக்க இலகுவானது. அவ்வளவுதான்.

பிறகு என் கையைப் பிடித்தார். "கொஞ்ச நாளைக்கு அவர் அப்படியே நினைக்கட்டும், வசந்தி. பக்கத்து வீட்டுக்காரர் இல்லாமல் அவரால் வாழ முடியும். நான் இல்லாமல் முடியாது."

என்ன சொல்வீர்கள்? நான் ஓடிப்போன தொட்டியை இழுத்து வந்து ஒழுங்காக நிறுத்தினேன்.

ரவியிடம் மட்டும் சொன்னேன். அந்தக் கால்வாசியை அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? கேட்டுவிட்டு, "பாவம் அந்த மனிசி" என்றார். அன்றைக்கு என்னை மன்னிப்புக் கேட்க வைக்கவில்லை. அடுத்த நாள் வைத்தார்.

துப்பாக்கிகளைத் திரும்பப் பெற டீற்றர் மருத்துவச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று கடிதம் வந்தது. போனார். டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். அவர் மூளையைப் படம் எடுக்க அனுப்பினார். கடைசியில் டீற்றர் தானாகவே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சட்டத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்துக் கொடுத்ததாகச் சங்கத்தில் சொல்லியிருக்கிறார். கை தட்டினார்களாம். இப்போது போட்டிகளில் புள்ளி எழுதுகிறார். பக்கத்தில் ஒருவர் இருந்து சரிபார்க்கிறார்.

நான் யோசித்துப் பார்க்கிறேன். அரசாங்கம் துப்பாக்கிக்காரரைச் சந்தேகப்படுகிறது. துப்பாக்கிக்காரர் அரசாங்கத்தைச் சந்தேகப்படுகிறார். அயலவர் அயலவரை, மனைவி கணவனை. இத்தனை பேரில் ஹெல்கா ஒருவர்தான் சந்தேகப்பட வேண்டியதைச் சரியாகச் சந்தேகப்பட்டவர். அவரை மட்டும் ஒருவரும் சந்தேகப்படவில்லை!

போன வாரம் டீற்றர் வேலிக்கு வந்தார். கையில் எதுவும் இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வசந்தி, நான் நிறைய யோசித்தேன். உங்கள் நாட்டில் நீ எவ்வளவோ பார்த்திருப்பாய். பக்கத்தில் துப்பாக்கி இருந்தது உனக்குப் பயமாக இருந்திருக்கும். நான் உன்னை மன்னித்துவிட்டேன்."

அவருக்குப் பின்னால் சமையலறை ஜன்னலில் ஹெல்கா. கையில் துடைத்துக்கொண்டிருந்த கோப்பை அப்படியே நின்றது.

உண்மை வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நன்றி, டீற்றர்" என்றேன்.

நேற்று மாலை மறுபடி வந்தார். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வசந்தி, நான் நிறைய யோசித்தேன்..." என்று ஆரம்பித்தார்.

குறுக்கிடாமல், முதல் தடவை கேட்பது போலவே கேட்டு முடித்தேன்.