பனியன் துணிக்குள் ஒரு வழிகாட்டி

1994 டைரியில், பூச்சி அரித்துத் தேதி மட்டும் காணாமல்போன ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஞாயிறு. முதல் வகுப்பு. மாணவர் ஒருவர். தாண்டுதல் நன்று. குழாய் விபரீதம்." பூச்சி வேறு எதையாவது தின்றிருக்கலாம்.

மாணவர் ஒரு லாப்ரடார் நாய். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் ஸ்டோர் பார்த்த நிட்டிங் கம்பெனியின் வாசல் கடையில், பார்வையில்லாத ஒருவர் எஸ்.டி.டி. பூத் நடத்தினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அயல்நாட்டு வழிகாட்டி நாய்களைப் பற்றி ஒரு பத்திரிகையில் வந்ததை நான் வாசிக்கக் கேட்டு, தன் நாயை அவரே வழிகாட்டப் பழக்கிவிட்டார். கழுத்துப்பட்டையோடு இணைந்த கைப்பிடியை எங்கள் ஃபிட்டர் வெல்டிங் வைத்துக் கொடுத்தார். அதற்குமுன் பூத்காரர் தன் மைத்துனரின் கையைப் பிடித்துத்தான் வரவேண்டும். மைத்துனரோ வழியிலுள்ள ஒரு டீக்கடையையும் மனம் நோகவிடாதவர்.

நாய் பகலெல்லாம் பூத்துக்குள் துறவிபோல் படுத்திருக்கும். மாலையில் பட்டையைக் கழற்றியதும் கம்பெனிக்குள் பாய்ந்து நூல் கோன்களை உருட்டும். மூன்றாவது முறை முதலாளி மரியாதையாகவே சொன்னார்: "இன்னொருக்கா உருட்டுச்சுன்னா நாயி ஊட்டுலயே இருக்கட்டுமுங்க." நாய் வீட்டில் இருந்தால் பூத்காரருக்கு மறுபடி மைத்துனர், மறுபடி டீ.

உழைக்கிற நாய்க்கு ஓடித் தாண்டி விளையாட நேரம் வேண்டும் என்றும் அந்தப் பத்திரிகையில் இருந்தது. ஆகவே விடுமுறை நாளில் கம்பெனி முற்றத்தில் வகுப்பு. அட்டைப்பெட்டிகள்மேல் துடைப்பக் குச்சிகளை வைத்துத் தாண்ட விட்டோம். காலிக் கோன்களை வரிசையாக நிறுத்தி வளைந்து ஓட விட்டோம். நுழைந்து ஓடக் குழாய்க்கு எங்கே போவது? பனியன் துணி மெஷினிலிருந்து குழாயாகத்தானே இறங்குகிறது! சாயமேற்ற டையிங்குக்குக் கட்டிவைத்த ரோல் ஒன்றைக் கேட்காமல் எடுத்து, அடிவெட்டிய பக்கெட்டை அதன் ஒரு முனையில் வாயாகச் செருகினேன். ரோலின் மறுமுனையை முடிச்சுப் போட்டு அனுப்புவது எங்கள் கம்பெனி வழக்கம். முந்தின நாள் முடிச்சுப் போட்டவனே நான்தான். அது நினைவுக்கு வந்தபோது நாய் பாதித் தூரம் போயிருந்தது.

உள்ளே வழி முடிந்ததும் நாய் நிற்கவில்லை. துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடியது. வெள்ளை மூட்டை ஒன்று முற்றத்தைக் கடந்து கேட்டை நோக்கிப் பாய்ந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி ஸ்கூட்டரில் நுழைந்தார்.

"நில்லுல" என்றார் பூத்காரர். மூட்டை நின்றது, உட்கார்ந்தது.

"ஏனுங்க, உள்ளார யாருங்க?" என்றார் முதலாளி.

"நம்ம நாயிதானுங்க" என்றேன்.

"துணி?"

"அதும் நம்ம துணிதானுங்க."

பூத்காரர் மூச்சிரைக்கும் சத்தம் வந்த திசையில் தடவி நடந்து மூட்டையைப் பிடித்தார். "வாலே, இன்னைக்கி ஒனக்குத்தான் கண்ணு தெரியல. நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி, எங்கும் தடுக்கி விழாமல் பூத் படிவரை அதை நடத்திப் போனார். முதலாளி ஸ்கூட்டரை ஆஃப் செய்ய மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னிடம் வந்தார். "நாயி வரட்டுமுங்க. ஞாயித்துக்கெழம வகுப்பும் நடக்கட்டும். துணி மட்டும் கட்பீஸ்ல தெச்சுக்குங்க."

தைத்துக்கொண்டோம். அதன்பின் ஒரு கோனும் உருண்டதாக என் டைரியில் இல்லை. ஒரு ஞாயிறு மதியம், கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டு முதலாளியே அந்தக் குழாய்க்குள் தவழ்ந்து வந்ததாக வாட்ச்மேன் சொன்னார். முதலாளி மறுத்தார். வேறு சாட்சி இல்லை. உறுதிசெய்யப்படாத தகவலாகவே குறித்து வைத்திருக்கிறேன்.