கொண்டி எந்தப் பக்கம்

என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் வீட்டைப் பார்த்தார்கள். அதில் யாரும் குறை நினைக்கவில்லை. காத்தான்குடியில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்கிறான். வந்து வாழப்போகிறவனின் ஆட்கள் சுவரையும் கூரையையும் பார்த்தால் என்ன பிழை? மாப்பிள்ளையின் மாமா ஒருவர் ஹோல் ஜன்னலைத் திறந்து காற்று எப்படி வருகிறது என்று பார்க்க விரும்பினார். தள்ளினார். ஜன்னல் திறக்கவில்லை. ஒரு கதவு மட்டும் பிணைச்சலோடு கழன்று அவருடைய கையில் வந்தது. நல்ல மனிதர். அதைப் பக்குவமாகச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, வந்து இருந்து, தேநீரைக் குடித்தார்.

"காத்து நல்லா வருது" என்றார்.

சம்பந்தம் முடிவானது. ஜன்னல்களையும் கதவுகளையும் மாற்றுவது என்பதும், யாரும் வாய் திறந்து சொல்லாமலே, அந்த இடத்திலேயே முடிவானது.

கலியாணத்தோடு வீடு மகளுடையதாகிவிடும். என் கலியாணத்தின்போது அது என்னுடையதானது. அன்று என் உம்மா பின்பக்கத்து அறைக்குப் போனார். இப்போது அந்த அறைக்கு நானும் என் கணவரும் போக வேண்டும். வழக்கம் அப்படி. நான் அதை ஆட்சேபிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள் நான்; ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பின்பக்கத்துக்குப் போன பிறகு முன்பக்கத்துக்கு எப்படி வருவேன் என்பது மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரியாக வருவேனா, விருந்தாளியாக வருவேனா? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சின்னப்புத்தி என்பார்கள். சின்னப்புத்திதான்.

ஜன்னல் வாங்குகிற வேலையில் நானும் என் கணவரும் மகளும் மூன்று பேருமாக இறங்கினோம். என் கணவர் கத்தாரில் நெடுங்காலம் சாரதியாக இருந்தவர். உயர்ந்த கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே வாகனம் ஓட்டியதால், ஜன்னல் விஷயத்தில் ஊரில் தன்னைவிட விபரம் தெரிந்தவர் இல்லை என்று நம்பினார்.

"அங்க ஜன்னல் திறக்கிறதே இல்ல புள்ள" என்றார்.

"அப்ப என்னத்துக்கு ஜன்னல்?"

"பாக்கிறதுக்கு."

எனக்கு முதிரை மரத்தில் வேண்டும். பழைய ஜன்னல்களும் முதிரைதான். அவற்றைக் கறையான் தின்றுவிட்டது என்று மகள் சொன்னாள். தின்று முடிக்கக் கறையானுக்கு இத்தனை வருடம் பிடித்த பலகை நல்ல பலகைதானே என்று நான் கேட்டேன். அவள் போனில் ஒரு வெள்ளை அலுமினிய ஜன்னலைக் காட்டினாள். அதன் பின்னால் பனி மலை தெரிந்தது. எங்கள் வீட்டின் மேற்கே வாவி இருக்கிறது, அதற்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கோழிக்கூடு இருக்கிறது. அலுமினியத்தை வைத்தால் கோழிக்கூடு பனி மலையாகிவிடாது என்று சொன்னேன். "ஓம் உம்மா, நீங்க செல்றது சரி" என்றாள். அவள் இப்படிச் சொன்னால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம், அவள் நினைத்தபடி.

கடையில் கடைக்காரர் முதலில் என்னைப் பார்த்துத்தான் கதைத்தார். கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்துப் பிடித்தார். பகலில் வெளியே இருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது, உள்ளே இருந்து பார்த்தால் தெருவே தெரியும் என்றார். என் கணவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

"இரவைக்கு லைட் போட்டா?" என்று கேட்டேன்.

"இரவைக்கு மறுபக்கமாத்தான் டீச்சர். அப்ப திரைச்சீலையை இழுத்து விடுங்க."

"திரைச்சீலை போடுறதெண்டா பகலைக்கும் போடலாமே. கறுப்புக் கண்ணாடி என்னத்துக்கு?"

அவர் மெதுவாக மகளின் பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு நிறம், அகலம், ஈ வராத இலையான் வலை எல்லாவற்றையும் அவளிடமே கேட்டார். பிழை சொல்ல முடியாது. யாருடைய வீட்டுக்கு வாங்குகிறோம் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. இழுத்துத் திறக்கிற ஜன்னல் என்றால் எப்போதும் பாதிதான் திறக்கும், காற்றும் பாதிதான் வரும் என்று கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"மத்தப் பாதியையும் திறக்கலாம் உம்மா" என்றாள் மகள். "இந்தப் பாதியை மூடிட்டு."

ஒரு பிள்ளை விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் எனக்குப் பிழை போட வழியில்லை.

பொருத்துவதற்கு ஏறாவூரிலிருந்து தச்சு வேலைக்கார பாஸ் ஒருவர் வந்தார். கூட இன்னொருவரும் வந்தார். அவர் கதைக்கமாட்டார், பாஸ் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைத்தார். அலவாங்கைக் கொடுத்து நெம்பியதும் பழைய நிலைகள் ஒவ்வொன்றாக வந்தன. சில, நெம்புவதற்கு முன்பே வந்தன. மாலைக்குள் வீட்டில் சுவர் இருந்தது, ஓட்டை இருந்தது, வேறொன்றும் இருக்கவில்லை. மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக் காலம். வாவியில் கிளம்பிய காற்று ஹோலுக்குள் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேறியது. போகும்போது நான் திருத்த வைத்திருந்த விடைத்தாள்களையும் கூட்டிக்கொண்டு போனது. பொறுக்கி எடுத்ததில் ஒன்று குறைந்தது. அதைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது. அந்தப் பிள்ளையை நான் பாஸாக்கிவிட்டேன். ஆடு ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை என்பதால் விடைகள் சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

தெருவால் போனவர்கள் எல்லாரும் ஓட்டைகளில் தலையை விட்டு ஆலோசனை சொன்னார்கள். ஜன்னல் இருந்த காலத்தில் சலாம் சொல்லிவிட்டு நேரே போனவர்கள்தான். ஒருவர் பலகையே நல்லது என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. போகும்போது, "ஆனா இப்ப ஆரு பலகை போடுறா" என்று சொல்லிக் கெடுத்துவிட்டார்.

ஜன்னல்கள் ஏறின. வாசல் கதவு ஏறியது. கிணற்றடிக் கதவு ஏறியது. கடைசியாக மிஞ்சியது நடுக்கதவு.

இந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரிக்கிற கதவு அது. முன்னே ஹோலும் படுக்கையறைகளும், களஞ்சிய அறையைத் திருத்தி மகள் சமைப்பதற்கென்று கட்டிய புதுக் குசினியும். பின்னே பழைய குசினியும், நாங்கள் போகப்போகிற அறையும், கிணற்றடியும். பழைய கதவு மாரி மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். எந்தக் காலத்திலும் நிலையோடு சரியாகப் பொருந்தியதில்லை. பூட்டுவது என்ற பேச்சே அதன் வாழ்நாளில் எழவில்லை. நான் முன்னே இருந்தபோதும் என் உம்மா பின்னே இருந்தபோதும் அது அரைவாசி திறந்தே நின்றது. நாங்கள் அதை ஒற்றுமை என்று நினைத்திருந்தோம். மரம் ஊதியதுதான் காரணம் என்று இப்போது விளங்குகிறது.

பாஸ் புதுக் கதவைத் தூக்கி நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், இந்தக் கதவுக்கு உள்பக்கம் எது?"

மூன்று பேரும் அங்கேதான் நின்றோம்.

"பூட்டுற கொண்டி உள்பக்கம்தான் வரும்" என்று அவர் விளக்கினார். "எது வீடு, எது வெளி எண்டு தெரிஞ்சாத்தான் எனக்குத் துளை போட ஏலும்."

"ரெண்டு பக்கமும் உள்தான்" என்றார் என் கணவர்.

"அப்படிக் கதவு இல்ல காக்கா" என்றார் பாஸ், என் கணவரை அண்ணன் முறை வைத்து.

"அப்ப திறப்புப் போடுற பூட்டு ஒண்டு வைங்களன்" என்றாள் மகள்.

"ஒரு வீட்டுக்குள்ள திறப்பும் பூட்டுமா?" என்று என் கணவர் அதிர்ந்துபோனார். கத்தாரில் அப்படி இல்லை என்று சொல்லப் பார்த்தார் போலிருக்கிறது. நினைவுக்கு ஒன்றும் வரவில்லை.

"ரெண்டு பக்கமும் கொண்டி வெச்சா என்ன?" என்று நான் கேட்டேன்.

"வைக்கலாம். ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் பூட்டிட்டுக் கோவிச்சிட்டு இரிப்பீங்க. நான் கண்டிரிக்கன்" என்றார் பாஸ். கதவைச் சுவரோடு சாய்த்தார். "ளுஹர் தொழுதிட்டு வாறன். முடிவெடுத்து வைங்க."

என் கணவரும் கூடவே கிளம்பிவிட்டார். ஜமாஅத்துக்கு இவ்வளவு நேரத்தோடு அவர் போனதை நான் கண்டதில்லை.

நான் பழைய குசினியில் குந்தியிருந்து மீன் வெட்டினேன். திரளி மீன். அது எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, ஆனாலும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. மனதில் ஒரே படம்தான் ஓடியது. கொண்டி மகளின் பக்கம் இருக்கிறது. நான் பின்பக்கத்தில் நிற்கிறேன், கையில் ஒரு கோப்பைக் கறி. நான் பிறந்த வீட்டின் கதவை நான் தட்டுகிறேன். உள்ளே மாப்பிள்ளையின் சிரிப்புக் கேட்கிறது. திறக்கிறார்களா இல்லையா என்று கறியோடு காத்து நிற்கிறேன். கறி ஆறுகிறது. இந்த ஆறிய கறியை நினைத்து எனக்கு உண்மையாகவே கண்ணீர் வந்தது. வெங்காயம் அப்போது வெட்டியிருக்கவில்லை.

மகள் வந்து நிலையில் சாய்ந்தாள்.

"உம்மா, என்ன செய்வம்?"

"உன்ட வீடு. உன்ட பக்கம் போடு."

"நான் அதைக் கேக்கல்ல."

"நான் அதைத்தான் செல்றன். நாளைக்கு மாப்பிள்ளை வந்தா உங்களுக்குப் பூட்டத் தேவைதானே. பின்னால இரிக்கிறவங்க பின்னால இரிக்க வேண்டியதுதான்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். துளை போடுகிற சத்தம் கேட்டபோது நான் எழும்பிப் போகவில்லை. போய்ப் பார்த்து என்ன செய்ய?

பாஸ் சாமான்களைக் கட்டிக்கொண்டு போன பிறகுதான் பார்த்தேன். கொண்டி என் பக்கம் இருந்தது. மினுமினு என்று, பழைய குசினியைப் பார்த்தபடி இருந்தது. மகளின் பக்கம் வெறும் வெள்ளைத் தகடு.

"உங்கட பக்கம்தான் போடச் சொன்னன்" என்றாள் மகள். "நீங்க விரும்பினா திறங்க, விரும்பினா பூட்டுங்க. எங்களுக்குப் பூட்டத் தேவையெண்டா அறைக்குக் கதவு இரிக்கிதானே."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறைக்க முயன்றேன், முடியவில்லை. அன்று மீன்கறி நன்றாக வந்தது. மூன்று பேரும் அதைச் சொன்னோம். கலியாணம் வரைக்கும் நான் அந்தக் கொண்டியைத் துணியால் துடைத்தேன். ஜன்னலைப் பற்றிக் குறை சொல்வதையும் விட்டுவிட்டேன். பாதி காற்றும் காற்றுத்தானே என்று என் கணவரிடம் நானே சொன்னேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடும் ஒரு மோட்டார் சைக்கிளோடும் வந்து சேர்ந்தான். நல்ல பிள்ளை, ஜன்னலை இழுத்துத் திறக்கும்போது மெதுவாகத் திறப்பான். நாங்கள் பின்னறைக்கு மாறினோம். நடுக்கதவு திறந்தே கிடந்தது. மகள் வருவாள், போவாள். நானும் வருவேன், போவேன். என்னுடைய பயமெல்லாம் வீண் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் கூட்டாளிகள் விருந்துக்கு வந்தார்கள். ஹோல் நிறைய ஆண்கள். சஹன்களில் சோறு போட்டு, என் கணவரிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்து, கடைசித் தட்டும் போனதும் நான் நடுக்கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். அந்நிய ஆண்கள் இருக்கும்போது யாரும் செய்கிறதுதான். பிறகு சட்டிகளைக் கழுவினேன். அஸர் தொழுதேன். அவர்கள் போன சத்தமும் கேட்டது. கதவு பூட்டிக் கிடந்ததை மறந்தே போனேன்.

கதவு தட்டப்பட்டது. மெதுவாக, மரியாதையாக.

"ஆரு?" என்று கேட்டேன், தெருக் கதவைத் தட்டுகிறவர்களிடம் கேட்கிற குரலில்.

"நான்தான் உம்மா."

புதுக் கொண்டி இன்னும் கைக்குப் பழகவில்லை. இழுத்துத் திறக்க இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. கறியோடு நான் நிற்பதாகத்தான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருந்தேன். தட்டுகிறவள் அவளாக இருப்பாள் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. நான் குளிக்கும்போதும், அழும்போதும், தொழும்போதும் கேட்காமல் வந்து நின்ற பிள்ளை. கதவு திறந்த பிறகும் அவள் உள்ளே வரவில்லை. கழுவிய சஹன் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, நிலைக்கு அந்தப் பக்கத்திலேயே, நான் சொல்லட்டும் என்று நின்றாள்.

"வா மகள்" என்றேன். அவள் பிறந்ததிலிருந்து நான் அவளை வீட்டுக்குள் வரச் சொன்னது அதுதான் முதல் தடவை.