காலடி படாத மணல்

"சுத்தமா வெச்சது தப்பா? நீ படிச்ச பொண்ணு, சொல்லு."

இப்படிக் கேட்டவர் என் பெரியம்மா. பள்ளியில் எத்தனையோ கேள்விகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள் என்பதால் என்னிடம் கேட்டார். நகரசபைக் கூட்டத்துக்கு உடுத்திப் போன நல்ல புடவையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கட்டிலில் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அம்மாவின் அக்காதான் இந்தப் பெரியம்மா. குப்பை பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்தார். லாரிகள் வந்து கொட்டுவதை ஒரு நீள மேஜையில் பரப்புவார்கள். இரண்டு பக்கமும் பெண்கள் நின்று பாட்டில், காகிதம், தகரம், துணி என்று பிரித்துப் பின்னால் இருக்கும் கூடைகளில் போடுவார்கள். தகரக் கூரை மழைக்கு ஒழுகும், வெயிலுக்குக் கொதிக்கும். எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு குழாய். பெரியப்பாவின் பழைய காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு பெரியம்மா வேலை செய்வார். பெரியப்பா லாரி ஓட்டிய காலத்துச் சட்டை அது. பக்கவாதம் வந்து அவருடைய வலப்பக்கம் விழுந்த பிறகு அந்தச் சட்டைக்கு வீட்டில் வேறு வேலை இல்லை.

மதிய மணி அடித்ததும் பெரியம்மா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். பிறகு ஓட்டம்தான். கொட்டகைக்குப் பின்னால் தொடங்கும் குறுக்குப் பாதை நேராக அவர்கள் வீட்டு வரிசையில் போய் முடியும். ஒரு பக்கம் வீடுகளின் பின்சுவர்கள், மறு பக்கம் முள்செடி மண்டிய காலி நிலம், நடுவில் சாக்கடையைத் தாண்ட ஒரு சிமெண்டுப் பலகை. வீட்டுக்குப் போய்ப் பெரியப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, சாப்பாடு ஊட்டி, துணி மாற்றி, மறுபக்கமாகப் புரட்டிப் படுக்கவைத்து, கைக்கு எட்டும்படி தண்ணீர் வைத்துவிட்டு, அடுத்த மணிக்குள் மேஜைக்குத் திரும்பிவிடுவார். "புதுசா கல்யாணம் ஆனவ மாதிரி ஓடுறா பாரு" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். பெரியம்மாவும் சிரித்துக்கொண்டே ஓடுவார்.

அந்தப் பாதை இருந்ததால்தான் அவரால் வேலைக்கும் போக முடிந்தது, பெரியப்பாவையும் பார்த்துக்கொள்ள முடிந்தது. அக்கம்பக்கத்தார் நல்லவர்கள்தான். அவ்வப்போது எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் துணி மாற்றவும் புரட்டிப் போடவும் பெரியப்பா வேறு யாரையும் கிட்டே விடமாட்டார். எவ்வளவு சொன்னாலும் அந்த ஒரு விஷயத்தில் அவர் மசியவில்லை.

பள்ளித் தேர்வு முடிந்து, என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் எல்லாரோடும் மல்லுக்கு நின்றுகொண்டிருந்த என்னை, கொஞ்ச நாள் பெரியம்மா வீட்டில் இருந்துவிட்டு வா என்று அம்மா அனுப்பியிருந்தார். அப்போதுதான் கொட்டகைச் சுவரில் நகரசபை ஓர் அறிவிப்பை ஒட்டியது. பின்னால் இருக்கும் காலி நிலத்தில் புதிய மறுசுழற்சி நிலையம் வரப்போகிறது. நல்ல கூரை, குப்பையைத் தானே நகர்த்திக் கொண்டுவரும் ஓடும் பட்டை, கையுறை, குளியலறை எல்லாம் உண்டு. இப்போது வேலை செய்யும் எல்லாருக்கும் அங்கே வேலையும் உண்டு. பெரியம்மா வந்து சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இனிமே மழை வந்தா நனையாம குப்பை பொறுக்கலாம்" என்றார்.

அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி இருந்தது. அதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். நிலத்தின் ஓரமாகச் செல்லும் பொதுப்பாதை மூடப்படும், மக்கள் லாரிச் சாலை வழியாகச் செல்லலாம். லாரிச் சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போவது. அதில் போய் வருவதற்குள் மதிய இடைவேளை மொத்தமும் தீர்ந்துவிடும்.

பெரியம்மா மறுநாளே விடுப்புச் சொல்லிவிட்டு நகரசபை அலுவலகத்துக்குப் போனார். நிலையம் வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டி, இரண்டு பேர் நடக்கிற அகலத்துக்குப் பாதையை விட்டால் போதும் என்றுதான் கேட்டார். அங்கே இருந்த எழுத்தர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். திட்டக் குழுவிலிருந்து ஆட்கள் இடத்தைப் பார்க்க வருவார்கள், பாதையைப் பார்த்த பிறகுதான் முடிவு என்று சொல்லி, வரும் நாளையும் சொன்னார்.

பெரியம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "வந்து பாக்கப் போறாங்க" என்று வரிசை முழுக்கச் சொல்லிவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொட்டகைக்கு அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே மேஜையைக் காலி செய்து, தரையைக் கழுவி, பிரிக்காத மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மறைத்துவிடுவார்கள். அதிகாரி வரும்போது எல்லாரும் கை கழுவி, தலை சீவி, வரிசையாக நிற்க வேண்டும். அன்று ஒரு காகிதம்கூடப் பிரிபடாது. அவர் சுற்றிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன பிறகுதான் வேலை தொடங்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பெரியம்மாவுக்கு ஆய்வு என்றால் அப்படித்தான்.

ஆகவே பாதையையும் அப்படியே தயார் செய்தார். கொட்டகைப் பெண்களும் வீட்டு வரிசைக்காரர்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். முள்செடியை வெட்டினார்கள். சாக்கடைப் பலகையைத் தேய்த்துக் கழுவினார்கள். இரண்டு ஓரமும் சுண்ணாம்புத் தூள் கோடு போட்டார்கள். கட்டட வேலைக்கு மணல் வண்டி ஓட்டும் ஒருவர் ஒரு வண்டி மணலைச் சும்மாவே கொட்டிவிட்டுப் போனார். அதைப் பாதை முழுக்கப் பரப்பிப் பலகையால் இழுத்துச் சமப்படுத்தினார்கள். பாதை முனையில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகா வெச்சீங்கன்னா வர்ற அதிகாரி இங்கயே குடிவந்துடுவாரு" என்றார்.

மறுநாள் காலையில் பாதையின் இரண்டு முனையிலும் கயிறு கட்டினார்கள். அதிகாரிகள் வந்துபோகும் வரை யாரும் நடக்கக் கூடாது என்று முடிவு. பள்ளிப் பிள்ளைகளையும், மருத்துவமனைக்கு வேலைக்குப் போகும் பெண்களையும், பால் பாத்திரத்தோடு வந்தவரையும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு லாரிச் சாலை வழியாகப் போகச் சொன்னார் பெரியம்மா. யாரும் மறுத்துப் பேசவில்லை. தங்கள் பாதை நன்றாகத் தெரிய வேண்டும் என்பதுதான் எல்லாருக்கும் எண்ணம்.

பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு யோசனை இருந்தது. "என்னைத் தூக்கிட்டுப் போய் அங்க ஒரு நாற்காலியில உக்கார வை. இந்தப் பாதை யாருக்குன்னு அவங்க பாக்கட்டும்" என்றார்.

"நீங்க பேச ஆரம்பிச்சா அவங்க வந்த வழியே ஓடிடுவாங்க. வாதம் கைகாலுக்கு வந்துச்சே, அந்த வாய்க்கு வந்துச்சா?" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா அவர் போர்வையைச் சரிசெய்தார். பெரியப்பா சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவரைப் பார்த்துக்கொள்ள நான் கட்டிலருகே இருந்தேன். பின் சன்னலில் பாதை தெரியும். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் முதலில் கயிற்றுக்கு வெளியே நின்றே படம் எடுத்தார். மணல் ஒரு மடிப்புக்கூட இல்லாமல் விரித்த துணிபோல் கிடந்தது. பிறகு நடந்து வந்தார்கள். நடுவில் வந்த அதிகாரி ஒரு தடவை திரும்பித் மணலில் தங்கள் காலடித் தடங்கள் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். வீட்டு வரிசை முனையில் பெரியம்மாவும் மற்றவர்களும் கைகட்டி நின்றிருந்தார்கள். பாதை ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்றாராம் அந்த அதிகாரி. பாதையை விட்டுவைத்தால் என்றைக்கும் இப்படியே வைத்துக்கொள்கிறோம் என்று பெரியம்மா சொன்னாராம். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று மாலை வீட்டில் யாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

திட்டக் குழு கூடிய நாளில் நானும் பெரியம்மாவோடு போனேன். பெரிய அறை. முன்னால் உறுப்பினர்கள், பின்னால் எங்களைப் போன்றவர்களுக்கு நாற்காலிகள். எங்கள் முறை வந்ததும் திரையில் அந்தப் படத்தைக் காட்டினார்கள். பெரியம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். அவ்வளவு பெருமை அவருக்கு.

அதிகாரி அறிக்கையைப் படித்தார். பாதை நல்ல நிலையில் உள்ளது. ஆனால் ஆய்வின்போது அதில் ஒருவரும் நடக்கவில்லை. நடந்ததற்கான தடமும் இல்லை. பொதுமக்கள் லாரிச் சாலையைப் பயன்படுத்துவதை நேரில் கண்டோம். எனவே பாதையை மூடுவதால் யாருக்கும் இடையூறு இல்லை.

பெரியம்மாவின் கை என் கையிலிருந்து நழுவியது. அவர் எழுந்துவிட்டார். பார்வையாளர்கள் பேசக் கூடாது என்று ஒருவர் சொல்ல வந்தார். குழுத் தலைவராக இருந்த பெண்மணி அவரைத் தடுத்து, சொல்லுங்கள் என்றார்.

"அம்மா, நாந்தான் யாரையும் விடல."

"ஏன் விடல?"

"நீங்க வர்றீங்கன்னு."

அறையில் யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. பெரியம்மா தன் வீட்டைப் பற்றியும், கட்டிலில் இருக்கும் மனிதரைப் பற்றியும், மதிய மணியைப் பற்றியும் சொன்னார். தலைவர் முழுக்கக் கேட்டார். ஓர் உறுப்பினர், இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்றார். பழைய குப்பைமேடு நிரம்பி வழிகிறது, மழைக்கு முன்னால் வேலையைத் தொடங்காவிட்டால் ஊரே நாறும் என்றார் இன்னொருவர். அதுவும் பொய்யில்லை. கை தூக்கச் சொன்னார்கள். தள்ளிவைக்க வேண்டும் என்ற பக்கம் சில கைகள்தான் உயர்ந்தன.

வெளியே வந்தபோது அறிக்கை எழுதிய அதிகாரி பின்னாலேயே வந்தார். பெரியம்மாவை நேராகப் பார்க்க முடியாமல் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு ஒரே ஒருத்தர் நடந்து வந்திருந்தாக்கூட எழுதியிருப்பேம்மா."

"பரவாயில்ல சார். நீங்க பாத்ததத்தானே எழுதுவீங்க" என்றார் பெரியம்மா.

அன்றுதான் வாசற்படியில் உட்கார்ந்து என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

சுவர் சீக்கிரமே எழும்பியது. எனக்குத் துணி ஆலையில் வேலை கிடைத்து நான் ஊரின் மறுகோடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே திரும்பிவிட்டேன். பெரியம்மா விட்டுக்கொடுக்கவில்லை. புது நிலையம் திறந்து அங்கே வேலைக்குப் போன பிறகு, அதன் வாசல் இருந்த லாரிச் சாலையில் ஓடிப் பார்த்தார். தன் சாப்பாட்டை விட்டுவிட்டு, பெரியப்பாவுக்கு மட்டும் ஊட்டிவிட்டு, புழுதியில் திரும்ப ஓடினார். மேற்பார்வையாளர் கொஞ்ச நாள் கண்டும் காணாமல் இருந்தார். ஆனால் ஓடும் பட்டை ஒருவருக்காக நிற்காது. ஆள் இல்லாத இடத்தில் குப்பை பிரிபடாமல் போய்ப் பக்கத்திலிருப்பவர் மேல் விழும். அவர்கள் வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை, அதுதான் பெரியம்மாவுக்குத் தாங்கவில்லை.

ஒரு மதியம் லாரிகள் வழியை அடைத்து நின்றுவிட்டன. பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா தரையில் கிடந்தார். தண்ணீரை எட்டி எடுக்கப் போய்ச் சரிந்திருக்கிறார். யாரையும் கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் கிடந்தார் என்று அவரும் சொல்லவில்லை. "கீழ நல்லா குளிர்ச்சியா இருந்துச்சு, அதான் எறங்கிப் படுத்தேன்" என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாள் பெரியம்மா நிலையத்துக்குப் போய், இனி வரவில்லை என்று சொல்லிவிட்டார். இப்போது விடியற்காலையில் வீட்டுக்குப் பக்கத்துத் தெருக்களைக் கூட்டுகிறார். கூலி குறைவு. மழையில் நனைகிறார். ஆனால் எந்தத் தெருவில் இருந்தாலும் கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

அந்த நிலையத்தை நான் குறை சொல்லவில்லை. போன மாதம் உள்ளே போய்ப் பார்த்தேன். காற்றோட்டமான கூடம், எல்லார் கையிலும் உறை, குழாய்களில் தண்ணீர். பெரியம்மாவோடு மேஜையில் நின்ற பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு அவரைப் பற்றிக் கேட்டார்கள். நன்றாக இருக்கிறார் என்றேன். பின்சுவரைப் பார்த்தேன். சுவருக்கும் கூடத்துக்கும் நடுவில் இரண்டு பேர் தாராளமாக நடக்கிற இடம் காலியாகவே கிடக்கிறது. அதில் புல் முளைத்திருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பக்கத்திலும் ஏதாவது ஒரு பாதையை, ஒரு குழாயை, ஒரு படித்துறையைப் பார்த்து முடிவு செய்ய அதிகாரிகள் வரலாம். அன்று கூட்டிப் பெருக்கிவிட்டு ஒதுங்கி நிற்காதீர்கள். பிள்ளைகளை அனுப்புங்கள், சைக்கிளை உருட்டிக்கொண்டு போங்கள், பாத்திரம் கழுவுங்கள், சத்தம் போடுங்கள். வருகிறவர்கள் தாங்கள் கண்டதைத்தான் எழுதுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் அவர்களுக்கு இந்தக் கதையை வாயாலேயே சொல்லுங்கள். எங்கள் பெரியம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.