டீச்சர் போட்ட எட்டு

கோடை விடுமுறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியிடம் தோற்றுப்போனேன். இந்தத் திங்கட்கிழமைதான் ஜெயித்தேன்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் வேறு... நான் சொன்னால் அம்மா மறுபேச்சில்லாமல் கேட்பார். ஊரே அப்படித்தான் கேட்கும் என்று ஒரு நினைப்பு!

கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் சுமதி டீச்சர். கணக்கு டீச்சர். அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறை பழுதாவதால், மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். நேராக நடந்துவிடுவார். திரும்பினால்தான் தடுமாற்றம். முழுப்பரீட்சைக்கு முன்னால், போர்டில் எழுதிவிட்டு இடப்பக்கம் திரும்பியவர், பிள்ளைகள் கண்ணெதிரே விழுந்துவிட்டார். பள்ளி திறந்ததும் நின்று பாடம் நடத்த முடியுமா? அதுதான் அவர் கவலை.

“உக்காந்தே நடத்துங்களேன் டீச்சர்.”

“உக்காந்து கணக்கு நடத்தினா பசங்க தூங்கிடுவாங்க தம்பி. நானும் தூங்கிடுவேன்.”

சரி — கால் வலுவுக்குச் சில பயிற்சிகள், பேலன்ஸுக்குச் சில. திரும்பிப் பழக, ‘நாற்காலியைச் சுத்தி வாங்க’ என்றேன். கணவர் ஆட்டோ ஓட்டுபவர். தாங்கிப்பிடிக்கத் தயாராகப் பக்கத்திலேயே நிற்பார். வலப்பக்கம் ஜோராகத் திரும்பினார். இடப்பக்கம்? அதே தள்ளாட்டம். ஏன்?

வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். டீச்சர் நாற்காலியை வலம் வந்துகொண்டிருந்தார். வலம் மட்டும்!

“இடப்பக்கமாவும் சுத்தணும் டீச்சர்.”

“இந்த ஊர்ல பொறந்துட்டு இடமா சுத்தறதா? கால் வரமாட்டேங்குது தம்பி.”

“நாற்காலிதானே... சாமியா?”

கணவர் குறுக்கிட்டார். “நான் தினம் ஆட்டோவ லெஃப்ட்ல ஒடிக்கிறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?”

“அதான் சவாரி கம்மியா இருக்கு!”

மலையைச் சுற்றும் ஊரில் ‘சுத்தி வாங்க’ என்றால் அதற்கு ஒரே திசைதான். நான் படித்த புத்தகத்தில் இது இல்லை.

“ஸ்கூட்டி லைசென்ஸுக்கு மட்டும் எட்டு போட்டியே டீச்சரம்மா?” என்றார் கணவர், விடாமல்.

எட்டு! உள்ளே ஓடி இன்னொரு நாற்காலியை எடுத்து வந்தேன். இரண்டையும் தள்ளித் தள்ளிப் போட்டு, நடுவில் புகுந்து எட்டு போடச் சொன்னேன். டீச்சர் மெதுவாக நடந்தார். கணவரின் கை இடுப்பருகே தயாராக இருந்தது.

“பாத்தீங்களா டீச்சர், ஒரு நாற்காலிக்கு வலம், இன்னொண்ணுக்கு...”

“சொல்லாதீங்க! தெரிஞ்சா கால் நின்னுடும்.”

சொல்லவில்லை. விடுமுறை முழுக்க எட்டுதான். உடம்புக்கு மட்டும் பயிற்சி சொன்னால் போதாது போலிருக்கிறது. அது வளர்ந்த ஊரையும் கொஞ்சம் சம்மதிக்க வைக்கவேண்டும்!

திங்கட்கிழமை மதியம் போன்.

“தம்பி, போர்டுல எழுதிட்டிருந்தேன். பின்னாடி ஒரே பேச்சு. டக்குனு திரும்பினேன்... பேசினவன் மாட்டிக்கிட்டான்!”

“விழலையே?”

“முழிச்சான்... நான் நின்னுட்டுதான் இருந்தேன்.”

“எந்தப் பக்கம் திரும்பினீங்க டீச்சர்?”

“அதான் சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல!”