அம்மாவுக்கு வெந்த கறி

விருந்துகளில் அம்மா தன் இலையிலிருக்கும் கறித்துண்டை எடுத்து என் இலையில் போட்டுவிடுவாள். "எனக்குப் புடிக்காதுடி" என்பாள். அவளால் மெல்ல முடியவில்லை என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏரிச் சேற்றில் தடவி இறால் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டும். அதனால் பிடித்ததைப் போடும் ஓலைப்பறியை ஏரிப் பெண்கள் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். அம்மாவின் முன்பற்கள் அப்படித்தான் போயின. மிச்சமும் ஆடிக்கொண்டிருந்தன.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். முதல் குக்கரும் என் சம்பளத்தில் வந்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடைக்கறியை ஒரே துண்டாக வாங்கிவந்தேன். தோழி வீட்டில் பார்த்தபடி அதை எண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்க விட்டு, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயத்தைப் பெரிதாக நறுக்கிப் போட்டு, மிளகு தூவி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குக்கரை மூடினேன். ஏரியில் தண்ணீர் வடிந்தால் அம்மா இறாலுக்குக் கிளம்பிவிடுவாள். அதற்குள் வெந்தாக வேண்டும்.

ஆவி சீறியது. மேலே போடும் வெயிட்டைக் காணோம். அலமாரி, அரிசிப் பானை, பாயின் அடி என்று தேடினேன். வாசலுக்கு ஓடி ஏரியைப் பார்த்தேன்; சேறு தெரிய ஆரம்பித்திருந்தது.

"இன்னாடி அலையிற? தட்டு போட்டு மூடு, வேகும்."

"வேகாதும்மா!"

காலையில் நைனா வலைக்கு ஈயக்குண்டு போதவில்லை என்று முனகியது நினைவுக்கு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். டச்சுக் கல்லறைச் சுவர் நிழலில் வலையை விரித்து உட்கார்ந்திருந்தார். விளிம்பில், ஈயக்குண்டுகளுக்கு நடுவே, என் வெயிட்டு பளபளத்தது.

"கழட்டு நைனா!"

"நல்லா கனமா கீதேனு கட்டினேன். இவ்ளோ படிச்சிட்டு ஒரு குண்டு இல்லாம கறி வேக வெக்கத் தெரிலயா உனக்கு?"

முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லை. அவர் கத்தியாலேயே அறுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

குக்கர் கூவத் தொடங்கியபோது பெண்கள் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். நான் விசிலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அம்மா பறியோடு எழுந்து நின்றாள். இறக்கி, மூடியில் தண்ணீர் ஊற்றித் திறந்தேன். கரண்டி பட்டதும் கறி நார் நாராகப் பிரிந்தது.

நின்றபடியே ஒரு வாய் போட்டுக்கொண்டாள். மெல்ல அவசியமில்லை. நாக்கால் நசுக்கி விழுங்கினாள். என்னைப் பார்க்கவில்லை.

"இன்னாக்கா, வரலியா?" என்றார்கள் வெளியே.

"போய்னே இருங்கடி, வரேன்" என்றாள் அம்மா. பறியைக் கீழே வைத்துவிட்டு, தட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.