உப்பில் காய்ந்த கிளவுஸ்

கேட்சர் மாஸ்க்கை மாட்டியதும் முதலில் வருவது வாசனை. பழைய ரெக்ஸின், யார் யாருடைய வேர்வையோ, துருப்பிடித்த கம்பி... அப்புறம் நம் மூச்சு நமக்கே கேட்கும். கம்பிகளுக்கு நடுவே மரக்காணத்து உப்புக் குவியல்கள் வெயிலில் மிதப்பதுபோல இருக்கும்.

எங்கள் பள்ளியில் பெண்களுக்கு ஒரு பேஸ்பால் டீம் இருந்தது. அடிப்பவளுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கும் கேட்சர் நான். கேட்சருக்கான சாமான் ஒரே செட். மார்புக் கவசம் யாரோ ஒரு பெரிய ஆளுக்குத் தைத்தது. எனக்குத் தொடைவரை வரும். கால் கார்டின் பட்டைகள் அறுந்துபோய், பாவாடை நாடாவால் கட்டியிருப்போம். அதையெல்லாம் மாட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் என்னை யாரும் பார்க்க முடியாது. நான் எல்லோரையும் பார்க்கலாம். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

எதிரே நின்று பந்து போடுபவள் ஜெனிபர். அனுமந்தையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் பந்து என் கிளவுஸில் விழும் சத்தத்துக்கு உப்பளத்தில் வேலை செய்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வேகத்தை டீமில் நான் ஒருத்திதான் பிடிப்பேன்.

அந்த வருஷம் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க, எங்கள் மேட்ச்சைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். ஜெனிபருக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும். எங்களுக்கு அதே பேச்சு.

மேட்ச் திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை ப்ராக்டிஸில் கிளவுஸ் சேற்றில் விழுந்தது. உப்பளத்துக்கு உப்புத் தண்ணீர் போகும் வாய்க்காலில்தான் நாங்கள் கை, கால், செருப்பு எல்லாம் கழுவுவோம். ஜெனிபர் கிளவுஸையும் அதிலேயே அலசி, காயவைத்து, அலமாரியில் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை எடுத்தால்... மடங்கவே இல்லை.

"என்னாடி இது, கருவாடு மாதிரி ஆயிடுச்சு?"

"சேறா இருந்துச்சேன்னு அலசினேன்டி..." என்றாள் ஜெனிபர்.

தேங்காயெண்ணெய் தடவினோம். மிதித்தோம். கொஞ்சம்தான் இளகியது. பி.டி. டீச்சர் தட்டிப் பார்த்தார். "ஜெனிபர், நீ மெதுவாவே போடும்மா. அவ கை போயிடும்."

முதல் பந்தை ஜெனிபர் வழக்கம்போலத்தான் போட்டாள். பலகையில் அடித்ததுபோல் விழுந்தது. இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்தேன். உள்ளங்கை சுள்ளென்றது. அடுத்த பந்திலிருந்து மெதுவாகப் போட ஆரம்பித்தாள். எதிர் டீம் பெண்கள் சுலபமாக அடித்தார்கள். நான் விரலைக் காட்டி வேகப்பந்து கேட்டேன். தலையாட்டி மறுத்தாள். திரும்பவும் கேட்டேன். மறுத்தாள். மரத்தடியில் உட்கார்ந்திருந்த தேர்வாளர்கள் கிளம்பத் தயாராவது கம்பி வழியே தெரிந்தது.

எழுந்து அவளிடம் போனேன்.

"வேகமா போடுடி."

"வலிக்குதுல்ல உனக்கு?"

"உனக்கு எப்படித் தெரியும்? மூஞ்சிதான் தெரியலியே."

"தெரியும் போ."

"என் கைதானே... நான் பாத்துக்கறேன். இல்லன்னா பந்தை என்கிட்ட குடு. நீ வந்து இங்க குந்து."

சிரித்துவிட்டாள். போட்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் கனவுபோலத்தான் ஞாபகம். வெள்ளை வெயில், அவள் கை சுழல்வது, சத்தம், மறுபடி சத்தம்... மாஸ்க்குக்குள் நான் அழுதது யாருக்கும் தெரியாது. ஒரு பந்தைக்கூட விடவில்லை.

ஜெனிபரை எடுத்துக்கொண்டார்கள். அவள் பெட்டியோடு பஸ் ஏறிய நாளில் என் உள்ளங்கை வீக்கம் முழுசாக வற்றியிருக்கவில்லை. அந்தக் கையாலேயே டாட்டா காட்டினேன்.

பள்ளிக்குப் புது கிளவுஸ் வந்தது, மெத்தென்று. பந்து போட வேறொரு பெண் வந்தாள். நல்ல பெண். மெதுவாகப் போடுவாள்.

ஜெனிபர் இப்போது வேறு ஊரில் பிள்ளைகளுக்கு பேஸ்பால் சொல்லித் தருகிறாள். போன வாரம், பிள்ளைகள் நடுவில் அவள் பந்து போடுவதுபோல ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஆளுக்கொரு கிளவுஸ், பளபளக்கும் மாஸ்க், உடம்புக்கு அளவான கவசம். "இதுங்களுக்குக் கை வலின்னா என்னன்னே தெரியாதுடி" என்று எழுதியிருந்தாள்.

நல்லதுதான் என்று பதில் போட்டேன். உண்மையிலேயே நல்லதுதான்...

ஆனாலும் ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் பந்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று.